மிச்சத்தில் பிறந்த மகிழுந்து



இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, மாணவர் வாசிப்பு என்றே எழுதி வந்த நான், இம்முறை மாதிரி மகிழுந்து கட்டுவதைப் பற்றி எழுத முனைந்துள்ளேன். 'ஆசிரியர் விளையாட்டுப் பொருள் பக்கம் போய்விட்டாரே' என்று எண்ணிவிட வேண்டாம். நான் சொல்ல வந்தது வகுப்பறையைப் பற்றியதுதான். அங்குப் போய்ச் சேருவதற்கு இந்தச் சின்னக் காடியில்தான் ஏறிச் செல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தலைமுறை ஆண்பிள்ளைகளுக்குத் தாமியா நிறுவனத்தின் நான்கு சக்கரப் பந்தய வண்டிகள் நன்றாக நினைவிருக்கும். இரண்டு மின்கலம், ஒரு சிறு மோட்டார், கைக்கு அடக்கமான உடல். பசை வேண்டியதில்லை; அழுத்தினால் பொருந்திவிடும். பள்ளி முடிந்ததும் கடைத்தெருவில் கிடந்த தடத்தில் அவற்றை ஓடவிட்டு, அம்மாவிடம் திட்டு வாங்கிய மாலைகள் பல. பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாள்களில், ஒரு கடையின் மேல்தட்டில் தூசி படிந்திருந்த பெட்டியொன்றைக் கண்டேன். அதில் ஓடும் பொறி எதுவுமில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள், பசை கொண்டு ஒட்டிச் சாயம் பூச வேண்டியவை. பெட்டியின் மேல் 1960களின் அமெரிக்க மகிழுந்து ஒன்றின் படம். அன்று தொற்றிய பித்து இன்றுவரை தீரவில்லை.

பெரிய இயந்திரம், நடுத்தர உடல்

அமெரிக்கர் 'மசல் கார்' என்று அழைக்கும் வண்டிகளைப் பற்றி இரண்டு சொல் சொல்லியாக வேண்டும். நடுத்தர அளவுள்ள ஓர் எளிய மகிழுந்தில், பெரிய வண்டிக்கென்று செய்யப்பட்ட ஆற்றல்மிக்க வி-8 இயந்திரத்தைப் பொருத்தி, இளைஞர் வாங்கக்கூடிய விலைக்கு விற்பது. இதுவே அவ்வகை வண்டியின் இலக்கணம். இதற்கு வழிகாட்டியாகப் பெரும்பாலோர் சுட்டுவது 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த போண்டியாக் ஜி.டி.ஓ. வண்டியை.

அதன் பிறப்புக் கதை சுவையானது. போண்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தர மகிழுந்துகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட இயந்திரத்தைப் பொருத்தலாகாது என்று விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகிய பொறியியலாளர்கள், பெரிய போண்டியாக் வண்டிகளில் இருந்த 389 கன அங்குல இயந்திரம், டெம்பெஸ்ட் என்னும் நடுத்தர வண்டியின் உடலில் சிக்கலின்றி உட்காரும் என்று கண்டனர். இயந்திரத்தைத் தாங்கும் இணைப்புகள் இரண்டுக்கும் ஒத்திருந்தன. விதி என்னாயிற்று? ஜி.டி.ஓ.வைப் புது வண்டியாக அறிவிக்காமல், இருக்கும் வண்டிக்கு வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டுப் பெறும் கூடுதல் தொகுப்பாக விற்றனர். விதி புது வண்டிகளைத்தான் கட்டுப்படுத்தியது. கூடுதல் தொகுப்பைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 5,000 விற்றால் போதும் என்று எதிர்பார்த்த இடத்தில் முதலாண்டிலேயே 32,450 விற்றன.

ஆக, மசல் கார் என்பதே ஓரிடத்து உறுப்பை எடுத்து வேறோரிடத்து உடலில் பொருத்தியதால் பிறந்ததுதான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இருந்த அழைப்பு

அமெரிக்காவில் மாதிரி மகிழுந்துத் தொழில், வண்டி விற்பனையாளர்கள் தங்கள் கடைகளில் காட்சிக்கு வைத்த சிறு வண்டிகளிலிருந்து வளர்ந்தது. அத்தகைய வண்டிகளைச் செய்துவந்த ஏ.எம்.டி. நிறுவனம் 1958இல் 'ஒன்றில் மூன்று' என்னும் பெட்டிகளை வெளியிட்டது. ஒரே பெட்டியிலுள்ள துண்டுகளைக் கொண்டு, தொழிற்சாலையில் வந்தவாறும் கட்டலாம். அழகுக்கு மாற்றியமைத்தும் கட்டலாம். பந்தய வண்டியாகவும் கட்டலாம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டுக்கான துண்டுகள் மிஞ்சும். அவற்றை எந்தச் சிறுவன் எறிவான்? காலணிப் பெட்டியில் போட்டுச் சேர்த்து வைத்தான். அடுத்த வண்டிக்கு முந்திய வண்டியின் சக்கரம், அதற்கடுத்த வண்டிக்கு இதன் இயந்திரம் என்று கலக்கத் தொடங்கினான். இப்படிப் பல பெட்டிகளின் உறுப்புகளைக் கலந்து புதிதொன்றைக் கட்டுவதற்குக் 'கிட்பேஷ்' என்று பெயர்.

இது சிறுவர் கைவேலை மட்டுமன்று. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் விண்கலங்களுக்கு, கடைகளில் விற்ற போர்த்தாங்கி, கப்பல் முதலிய மாதிரிப் பெட்டிகளிலிருந்து எடுத்த நுண்ணிய துண்டுகளைத்தான் மேற்பரப்பெங்கும் ஒட்டினர். திரையரங்கில் வாய் பிளந்து பார்த்தவர்கள் கண்டது இந்தக் கலவையைத்தான்.

4.7 மில்லிமீட்டர்

நான் கட்டிய வண்டி ஒன்றைச் சொல்கிறேன். 1969ஆம் ஆண்டு ஜி.டி.ஓ., 1/25 அளவு. பழைய அச்சில் வார்த்த அந்தப் பெட்டியில் உடல் அழகாக இருந்தது. அடித்தளமோ, புகைக்குழாயும் சேர்த்து வார்க்கப்பட்ட ஒற்றைத் தட்டையாக இருந்தது. செவர்லே நிறுவனத்தின் செவல் வண்டியும் ஜி.டி.ஓ.வும் ஒரே தாய் நிறுவனத்தின் பொதுவான அடிச்சட்டத்தில் எழுந்தவை. 1968 முதல் 1972 வரை இரண்டின் இருகதவு வண்டிகளுக்கும் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தொலைவு 112 அங்குலம். எனவே செவல் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் அடித்தளத்தை ஜி.டி.ஓ.வின் கீழே வைத்துவிடலாம் என்று எண்ணினேன்.

வைத்தேன், பொருந்தவில்லை. முன்சக்கரத்தைச் சரியாக நிறுத்தினால் பின்சக்கரம் வளைவை முட்டியது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் 1/24 என்று அச்சிட்டிருந்தது கண்ணில் பட்டது. 112 அங்குலம் என்பது 2,845 மில்லிமீட்டர். 25ஆல் வகுத்தால் 113.8, 24ஆல் வகுத்தால் 118.5. இடைவெளி 4.7 மில்லிமீட்டர். தாளில் பார்த்தால் அற்பம். கையில் பார்த்தால் வண்டியே நொண்டுகிறது. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதம் சொல்லித்தர எத்தனையோ பயிற்சித்தாள் கொடுத்திருக்கிறேன். இந்த இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்து 'ஏன் பொருந்தவில்லை?' என்று கேட்ட நாளில்தான், அவர்கள் அளவுகோலைத் தாங்களாகவே கையில் எடுத்தார்கள்.

பிறகு அறுத்தேன். அடித்தளத்தின் நடுவில் 4.7 மில்லிமீட்டரை வெட்டியெடுத்து ஒட்டினேன். அகலத்திலும் மூன்று மில்லிமீட்டர் மிகுந்திருந்ததால் இரு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்தது அளவுக்கு மிஞ்சிப்போன இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டி, இடுக்கைப் பூச்சு மாவால் அடைத்து, காய்ந்தபின் மீண்டும் தேய்த்தேன். சாயம் பூசிய அன்று மழை. நம் நாட்டு ஈரக்காற்றில் சாயத்தின் மேல் வெள்ளைப் புகைபோல் மூட்டம் படிந்துவிடும். அதை எடுத்துவிட்டு, வெயில் நாளுக்குக் காத்திருந்து மறுபடி பூசினேன்.

இத்தனையும் செய்துகொண்டிருந்தபோது என் மனத்தில் ஓடியது நாம் வகுப்பில் நடத்தும் புணர்ச்சி இலக்கணம்தான். சிரிக்காதீர்கள். இரு சொற்கள் சேரும்போது மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி: பொன்மலை. மாற்றம் நேர்ந்தால் விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று வகை. பூக்கடையில் ஓர் எழுத்து தோன்றுகிறது. பொற்குடத்தில் ஓர் எழுத்து வேறாகிறது. மரவேரில் ஓர் எழுத்து மறைகிறது. என் மேசையிலும் அதுதான் நடந்தது. சக்கரங்கள் இயல்பாகப் புணர்ந்தன. இடுக்கில் தகடு தோன்றியது. பக்கங்கள் தேய்ந்து திரிந்தன. நடுவே 4.7 மில்லிமீட்டர் கெட்டது.

ஒரு மொழி பிழைத்திருப்பது அதன் சொற்கள் ஒன்றோடொன்று சேர வழி இருப்பதால். அந்தச் சேர்க்கைக்கு விதி உண்டு. கண்டபடி ஒட்ட முடியாது. கிட்பேஷும் அத்தகையதே. 'கையேட்டைப் பாராமல் மனம்போன போக்கில் ஒட்டுவது' என்று அதைச் சிலர் இகழ்வது அறியாமை. கையேட்டின்படி கட்டுவோனுக்கு ஒரு வண்டியின் அளவு தெரிந்தால் போதும். கலந்து கட்டுவோனுக்கு இரண்டு வண்டிகளின் அளவும், அவை எங்கே ஒத்துப்போகும், எங்கே முரண்படும் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

நான் குறைத்த மதிப்பெண்

இவ்வளவு வக்கணையாக எழுதும் நான், சில ஆண்டுகளுக்கு முன் செய்த பிழையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

பள்ளியளவில் மாதிரி வண்டிப் போட்டி ஒன்று நடந்தது. பொழுதுபோக்கு இது என்பதால் நடுவர்களுள் ஒருவராக என்னையும் அமர்த்தினர். மதிப்பெண் தாளில் 'கையேட்டின்படி உறுப்புகளை முழுமையாகப் பொருத்துதல்' என்பதற்கு நூற்றில் முப்பது ஒதுக்கப்பட்டிருந்தது. மேசையில் பளபளக்கும் வண்டிகள் வரிசையாக நின்றன. பெரும்பாலானவற்றில் தந்தையரின் கைவண்ணம் தெரிந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வரிசையின் கடைசியில் ஒரு வண்டி. ஐந்தாம் ஆண்டு மாணவனுடையது. உடல், யாரோ பாதி கட்டி எறிந்த ஒரு மஸ்டாங். அடித்தளம், பழைய தாமியா பந்தய வண்டியினுடையது. சக்கரங்கள் ஒரு விளையாட்டு லாரியிலிருந்து வந்தவை. புகைக்குழாய்கள், தீயில் வாட்டி வளைத்த பேனாக் குழல்கள். முன்மூடியின் மேல் காற்று வாங்கும் புடைப்பாகப் பற்பசை மூடியை அறுத்து ஒட்டியிருந்தான். உடலுக்கும் அடித்தளத்துக்கும் இடையிலிருந்த இடைவெளி கல்போல் இறுக அடைக்கப்பட்டிருந்தது. எதனால் அடைத்தாய் என்று கேட்டேன்.

"ஆப்பச் சோடாவைத் தூவி அதுமேல சூப்பர் குளூ ஊத்தணும் ஐயா. உடனே இறுகிடும். அப்பா பட்டறையில மோட்டார் சைக்கிள் மூடி உடைஞ்சா அப்படித்தான் ஒட்டுவாரு."

மெய்யான நுட்பம் அது. மாதிரி கட்டுவதில் பழுத்தவர்கள் கையாளும் முறை. எனக்கு அது கைவர ஆண்டுகள் பல ஆயின. ஆயினும் கையில் மதிப்பெண் தாள் இருந்தது. கையேடே இல்லாத வண்டிக்குக் கையேட்டின்படி பொருத்தியதற்கு எத்தனை போடுவது? முப்பதுக்கு ஆறு போட்டேன். 'ஏன் தம்பி, ஒரே பெட்டியை முழுதாகக் கட்டியிருக்கலாமே?' என்று அறிவுரையும் சொன்னேன்.

"பெட்டி வாங்கக் காசு இல்ல ஐயா" என்றான். வருத்தமோ கோபமோ அவன் குரலில் இல்லை. கேட்டதற்கு விடை சொன்னான், அவ்வளவுதான்.

ஒரு பெட்டி இன்று நூறு வெள்ளிக்கும் மேல். அவன் விதியை மீறவில்லை. விதி, பெட்டி வாங்க முடிந்தவனுக்காக எழுதப்பட்டிருந்தது. அதைத் தாளில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. ஆறு என்று எழுதிய பிறகு புரிந்தது. அப்போதாவது எழுந்து தலைமை நடுவரிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நேரமாகிவிட்டது, மற்ற நடுவர்கள் காத்திருந்தார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

என் கருத்து

இதை நண்பரான இன்னோர் ஆசிரியரிடம் சொன்னபோது, "அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதுதானே நியாயம்? ஒருவனுக்காக மாற்றினால் அடுத்தவன் கேட்பான்" என்றார். அவர் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. கையேட்டைப் பின்பற்றுவதும் ஒரு திறமைதான். வரிசை தவறாமல், ஒரு துண்டும் விடாமல் கட்டி முடிக்கும் பொறுமையை இகழ்வதற்கில்லை. முதல் வண்டியைக் கையேட்டின்படிதான் கட்ட வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இன்றும் சொல்கிறேன். விதி அறியாதவன் செய்யும் மாற்றம் பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

ஆனால், அளவுகோல் ஒன்றாக இருப்பது வேறு. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளப்பது வேறு. அமெரிக்க மாதிரி மகிழுந்துப் போட்டிகளில் 'பெட்டியில் உள்ளவாறு' கட்டியவற்றுக்குத் தனிப் பிரிவு வைப்பது நெடுநாள் வழக்கம். மாற்றியமைத்தவை வேறு பிரிவில் நிற்கும். அங்கே, எத்தனை பெட்டிகளைக் கலந்தாய் என்று குறை சொல்ல மாட்டார்கள். இணைப்பு தெரிகிறதா, அளவு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொழுதுபோக்குக்காரர்களுக்குத் தெரிந்த இந்த எளிய நியாயம் பள்ளியில் இருக்கும் நமக்கு ஏன் தோன்றவில்லை?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதற்குப் பின் வகுப்பறை மதிப்பீடு, உயர்நிலைச் சிந்தனை, புத்தாக்கம் என்று எத்தனையோ சொற்களைக் கூட்டங்களில் கேட்டுவிட்டோம். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடமே இருக்கிறது. இருந்தும், மாணவன் செய்துவரும் பொருள் மாதிரிப் படத்தைப்போல் இருக்கிறதா என்றுதான் நம் கண் முதலில் தேடுகிறது. படிவம் மாறியது, பார்வை மாறவில்லை. யாரையும் குற்றஞ்சாட்டி இதை எழுதவில்லை. ஆறு மதிப்பெண் போட்ட கை என்னுடையது.

பேனாக் குழலை வாட்டி வளைத்த மாணவன் கட்டுரை எழுதுவதில் பின்தங்கியவன். நிறுத்தி நிறுத்தித்தான் வாசிப்பான். அவனைப் பற்றிய நம் பதிவேடுகளில் அது மட்டுமே இருந்தது. லாரிச் சக்கரத்தின் உயரத்துக்கு ஏற்ப மஸ்டாங்கின் வளைவை எவ்வளவு அறுக்க வேண்டும் என்று அவன் கணித்தது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. கைக்கும் அறிவுண்டு என்பதை நாம் பேச்சளவில் ஒப்புக்கொள்கிறோம். மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் வைப்பதில்லை.

ஆகவே சில எளிய செயல்களை முன்வைக்கிறேன். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மிச்சப் பெட்டி இருக்கட்டும். உடைந்த விளையாட்டுப் பொருள், பேனா மூடி, பழைய மாதிரித் துண்டு எல்லாம் அதில் சேரட்டும். பெட்டி வாங்கும் பிள்ளையும் வாங்க இயலாத பிள்ளையும் அதிலிருந்தே எடுக்கட்டும். போட்டி வைத்தால் இரு பிரிவு வையுங்கள். கட்டியவனிடம் எதை எங்கிருந்து எடுத்தாய், எது பொருந்தவில்லை, எப்படிச் சரிசெய்தாய் என்று மூன்று கேள்வி கேட்டு, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். தந்தை கட்டிய வண்டி அந்த மூன்று கேள்வியில் தானே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மாதிரிகளுக்குரிய பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் கரைப்பான். அதன் ஆவி நல்லதன்று. 1960களில் அமெரிக்கச் சிறுவர்கள் அதை முகர்ந்து கெட்டதால், டெஸ்டர் நிறுவனம் தன் பசையில் கடுகு எண்ணெயின் காரநெடியைக் கலக்க நேர்ந்தது. நம் நாட்டிலும் பசை முகரும் பழக்கம் எத்தகைய கேடு என்பதை ஆசிரியர்கள் அறிவோம். எனவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அவ்வகைப் பசை வேண்டாம். வெள்ளைப் பசையும் அழுத்திப் பொருத்தும் துண்டுகளும் போதும். சூப்பர் குளூவும் ஆப்பச் சோடாவும் சேரும்போது சூடும் புகையும் எழும். கத்தியைப் போலவே அதுவும் பெரியவர் கையில் இருக்கட்டும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இனி அந்த மாணவன். போட்டிக்குப் பின் மனம் கேளாமல் என் காலணிப் பெட்டியைத் திறந்தேன். ஜி.டி.ஓ.விலிருந்து மிஞ்சிய அடித்தளம், இரண்டு இயந்திரம், ஒரு பை நிறையச் சக்கரம் ஆகியவற்றை எடுத்துப்போய்க் கொடுத்தேன். 'மதிப்பெண் போட்டதில் நான் தவறு செய்துவிட்டேன்' என்றும் சொன்னேன். ஓர் ஆசிரியர் மாணவனிடம் அப்படிச் சொல்வது வழக்கமில்லையாதலால் அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். பிறகு பையிலிருந்த சக்கரங்களை அங்கேயே எண்ணத் தொடங்கினான்.

மறு ஆண்டு ஆசிரியர் பட்டறை ஒன்றில் காட்டுவதற்காக, அந்த மஸ்டாங்கைச் சில நாள் இரவல் தருவாயா என்று கேட்டேன்.

"அதைப் பிரிச்சிட்டேன் ஐயா. அதோட முன்பக்கம் வேறொண்ணுக்கு வேணும்னு எடுத்துட்டேன்."

எனக்குச் சற்று ஏமாற்றம். அவனுக்கு இல்லை. அந்த 'வேறொன்று' எப்படி இருக்கும் என்பதைக் காற்றில் கைகளால் வரைந்து காட்டிக்கொண்டே வகுப்புக்குப் போனான்.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய மாணவர் இருப்பர். அவர்களைப் பற்றி மறுமொழியில் எழுதுங்கள். மாற்றுக்கருத்து இருப்பினும் தயங்காமல் எழுதலாம். மீண்டும் சந்திப்போம்.